தரகர் முத்துலிங்கம் தேடிய பபிள் டீக் கடை

பபிள் டீக் கடையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு கண்ணால் பார்க்கிறார்கள். கெம்பஸ் பிள்ளைகள் படம் எடுக்க நல்ல சுவர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். குளிர் வேண்டும் என்று கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறி வருகிறவர்கள், வந்து சேர்ந்ததும் கடைக்குள் ஹீட்டர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஹட்டன் பக்கத்துக் கல்யாணத் தரகர் முத்துலிங்கம் கப்பின் அடியைப் பார்ப்பார். குடித்து முடித்த பிறகு அங்கே எதுவும் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால், பாலும் தேனும் ஓடுகிற கடையாக இருந்தாலும் அவருக்கு அது கடையே இல்லை.

மனுஷனுக்கு இப்படியும் ஒரு கிறுக்கா என்று கேட்கத் தோன்றும். அவருடைய தொழிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் அப்படிக் கேட்கத் தோன்றாது.

முத்துலிங்கம் ஹட்டனுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே தேயிலை ஃபெக்டரியில் வேலைக்குச் சேர்ந்தவர். ஃபெக்டரியை மூடிவிட்டுக் கொழுந்தை லொறியில் வேறு தோட்டத்துக்கு ஏற்ற ஆரம்பித்தபோது, அவரிடம் எஞ்சியது ஒரு பழைய கோட்டு, ஒரு குடை, யார் வீட்டில் யாருக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது என்ற விவரம். இவற்றை வைத்துக்கொண்டு தரகரானார். வட்டவளையில் தொடங்கி பட்டிப்பொல வரைக்கும், ரயில் நிற்கிற இடமெல்லாம் அவர் சேர்த்து வைத்த ஜோடி ஒன்றாவது இருக்கும். வழியில் கண்டால் கும்பிடுவார்கள். சில ஜோடிகளில் ஆண் கும்பிடுவான், பெண் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். பெண்பிள்ளைகள் என்றால் கூச்சம் இருக்கத்தானே செய்யும் என்று அவர் அதை அப்படியே விட்டுவிடுவார்.

அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பெண் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. சம்மதம் ஆகும்வரை மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். தேத்தண்ணி மட்டும் குடிப்பார்கள். அந்தத் தேத்தண்ணிதான் தீர்ப்பு. பெண்ணைப் பிடித்துவிட்டால் அடிவரைக்கும் குடித்து வெறும் கிளாஸை வைப்பார்கள். பிடிக்காவிட்டால் ஒரு மடக்கு மிச்சம் வைப்பார்கள். யாரும் யார் முகத்தையும் பார்த்து வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. பெண்ணின் அம்மா கிளாஸை எடுக்கும்போது தெரிந்துகொள்வாள். அழுவதென்றால் அடுப்படியில் போய் அழுதுகொள்வாள். ஒரு காம்பிராவில் தும்மினால் மறு காம்பிராவில் நூறு வயது என்று வாழ்த்துகிற, ஒட்டி ஒட்டி வரிசையாக அறைகள் கட்டிய லயத்தில், யார் மானமும் கப்பலேறாமல் ஒரு காரியம் முடிவது லேசான விஷயமில்லை. நல்ல வழக்கம்தான், குறை சொல்ல முடியாது. முத்துலிங்கம் கதவோரமாக உட்கார்ந்து, பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல், கிளாஸ்களை மட்டும் கவனித்துக்கொண்டிருப்பார்.

காலம் மாறியது. லயத்தில் வைத்துப் பெண் பார்க்க இப்போது யாருக்கும் மனமில்லை. மாப்பிள்ளை கொழும்பில் வேலை செய்கிறவன். கூரைத் தகரம் ஒழுகுகிற வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம் என்பான். பெண் டவுனில் கடையிலோ கார்மன்டிலோ இருப்பவள். பக்கத்து வாசல்களில் வரிசையாகத் தலைகள் நீள்வது அவளுக்குப் பிடிக்காது. இரண்டு பேரும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் லயம் என்ற பேச்சு வந்தால் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். கோயிலில் வைக்கலாம் என்றால் ஊர்க் கண் படும். சைவக் கடையில் வைக்கலாம் என்றால் வடைச் சட்டியின் எண்ணெய் வாசம் பட்டுச்சேலையில் ஏறும். கடைசியில் எல்லாருக்கும் பிடித்த இடமாக வந்து சேர்ந்ததுதான் பபிள் டீக் கடை. அது என்ன டீ என்று பெரியவர்களுக்குத் தெரியாது. பேரில் டீ இருக்கிறதே, அதனால் முறைக்குப் பங்கம் இல்லை என்று ஒத்துக்கொண்டார்கள்.

முதல் முதலாக அப்படி நடந்தது வட்டவளைப் பெண் கிருஷாந்திக்கு. ஹட்டனில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த கடை. மாப்பிள்ளை ஜெயதீபன் நல்ல பையன். பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் காது சிவந்துவிட்டது. பேசிக்கொண்டே டீயைச் சொட்டு விடாமல் உறிஞ்சி முடித்துவிட்டு, கப்பை மேசை நடுவில் வைத்தான். கிருஷாந்தியின் அப்பா குனிந்து பார்த்தார். அடியில் கறுப்பாக, பளபளவென்று, டீயோடு சேர்த்து உறிஞ்சித் தின்பதற்குப் போட்ட அத்தனை சவ்வரிசி உருண்டைகளும் அப்படியே கிடந்தன. மனுஷன் எழுந்து, மகளையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

முத்துலிங்கம் பின்னாலேயே ஓடி பஸ் ஸ்டாண்டில் பிடித்து, பையனுக்குப் பிடித்துத்தான் இருக்கிறது என்று கெஞ்சிப் பார்த்தார். அவர் மசியவில்லை.

"பிடிக்கலன்னா ஒரு மடக்கு மிச்சம் வைப்பாங்க, அது மரியாத. இவுங்க கைப்பிடி மிச்சம் வச்சிருக்காங்க. எம் புள்ளைக்கு என்ன கொற?"

ஒரு வாரத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். ஜெயதீபன் கொழும்பிலிருந்து போன் எடுத்து, பெண் வீட்டார் ஏன் வேண்டாம் என்றார்கள் என்று கேட்டான். முத்துலிங்கம் விஷயத்தைச் சொன்னார். அவன் சொன்னான்:

"அத திங்கணுமாண்ணே? நான் ரசத்துல கெடக்கிற கறிவேப்பில மாதிரி ஒதுக்கி வைக்கிறதுன்னுல்ல நெனைச்சேன்."

இதே போல இன்னும் சில சம்பந்தங்கள் சவ்வரிசியில் வழுக்கி விழுந்தன. ஒரு மாப்பிள்ளைக்குப் பல்லில் குழி, மெல்ல முடியவில்லை. இன்னொருவனுக்கு உருண்டை தொண்டையில் சிக்கி, கண்ணில் நீர் வந்து, அதற்கு மேல் தொடப் பயந்துவிட்டான். முத்துலிங்கம் கூட்டிக்கொண்டு போகிற கடையில் கால் வைத்தாலே காரியம் கெட்டுவிடும் என்று தோட்டத்துக்குத் தோட்டம் பேச்சுக் கிளம்பியது. வேறு ஒருவராக இருந்தால், இனிமேல் கப்பைப் பார்க்காதீர்கள், பிள்ளைகளை வாயைத் திறந்து கேளுங்கள் என்று சொல்லியிருப்பார். முத்துலிங்கத்துக்கு நம் ஆட்களைத் தெரியும். வழக்கத்தை மாற்றுவதைவிடக் கடையை மாற்றுவது சுலபம் என்று முடிவு கட்டி, கோட்டைத் தட்டி மாட்டிக்கொண்டு, நல்ல பபிள் டீக் கடை தேடப் புறப்பட்டார்.

துணைக்கு மகள் நிலக்ஷியைக் கூட்டிக்கொண்டார். ஒரே பிள்ளை. ஹட்டனில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிறாள். கடைகளில் விலைப்பலகை முழுக்க இங்கிலீஷில் இருக்கும், வழி தேட போனைத் தட்ட வேண்டும், இரண்டுக்கும் அவள் வேண்டும். அதைவிட முக்கியமாக, குடித்துப் பார்க்க ஆள் வேண்டும். முத்துலிங்கத்துக்குச் சீனி வியாதி. நிலக்ஷி எந்தக் கடைக்குப் போனாலும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பாள். டாரோ என்று பேர், பார்க்க ராசவள்ளிக்கிழங்குக் கஞ்சி மாதிரி ஊதாவாக இருக்கும். வந்ததும் வராததுமாகக் கப்பின் மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் மூடியை ஸ்ட்ரோவால் படக்கென்று குத்துவாள். அந்தக் குத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும். கடைசி உருண்டை வரைக்கும் துரத்திப் பிடித்து உறிஞ்சிவிட்டுத்தான் நிமிர்வாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகளும் இப்படி அலைந்தார்கள். நிலக்ஷி போனைப் பார்த்து இந்தக் கடைக்கு நாலரை ஸ்டார் என்பாள். முத்துலிங்கம் கப்பைப் பார்த்து இது பெண்ணைப் பெற்றவன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிற கடை என்பார். நுவரெலியா வாவிக் கரையில் ஒரு கடை, உள்ளே பிளாஸ்டிக் பூமரம், ஊஞ்சல், சுவரில் எரிகிற ரோஸ் நிற எழுத்து. எல்லாம் சரி, கப்பு காகிதக் கப்பு. அடி வெளியே தெரியாது. பெண்ணின் அம்மா என்ன, கப்பைத் தூக்கிக் காதோரம் வைத்து ஆட்டியா பார்ப்பாள்? ஒரு கடையில் உருண்டையைக் காலையில் அவித்து வைத்தால் மாலையில் அது ரப்பர். இன்னொரு கடையில் ஸ்ட்ரோ ஒல்லி, உருண்டை தடிப்பு, மாப்பிள்ளையின் கன்னம் இரண்டும் உள்ளே போய்விடும், பார்க்கிறவர்கள் பையனுக்கு ஏதோ வியாதி என்று நினைப்பார்கள். கண்டிக்குப் போய் ஒரு பெரிய கட்டடத்தின் மேல்மாடியில் விசாரித்தார்கள். அங்கே டீக்கு மேலே உப்பு நுரை போட்டுக் கொடுத்தார்கள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்த முத்துலிங்கம், உப்புப் போட்ட தேத்தண்ணிக்கு நம் முறையில் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பார்த்து, குலை நடுங்கி இறங்கி வந்துவிட்டார்.

போன இடத்தில் எல்லாம் தேயிலை எந்தத் தோட்டத்துத் தேயிலை என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பார். பழைய ஃபெக்டரிப் பழக்கம். பக்கெட்டில் வருகிற தூள், தைவானிலிருந்து வருகிறது என்பார்கள். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்கத் தேயிலைதான் நின்றுகொண்டிருக்கும். இதை வீட்டில் சொன்னபோது அவருடைய மனைவி அழகம்மா நம்பவில்லை. அவள் இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கிறவள். அப்படியென்றால் நாங்கள் பறிக்கிறதை எல்லாம் யார் குடிக்கிறார்கள் என்று கேட்டாள்.

கடைசியில் கடை கிடைத்தது. நுவரெலியா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், சர்மிளா என்ற பெண் நடத்துகிற கடை. குவைத்தில் வீட்டு வேலை செய்து திரும்பி வந்து தொடங்கியது. கண்ணாடி மாதிரித் தெளிந்த கப்பு, தடித்த ஸ்ட்ரோ, சின்ன உருண்டை, பஞ்சு போல மெத்து. முத்துலிங்கத்துக்குக் கண் கலங்காத குறை. ஆனாலும் பட்ட அனுபவம் சும்மா விடவில்லை. சர்மிளாவைத் தனியாகக் கூப்பிட்டு, விஷயத்தை விளக்கி, மாப்பிள்ளை வீட்டுக் கப்புகளில் மட்டும் பேருக்கு நாலைந்து உருண்டை போட்டால் போதும் என்றார். கப்பும் கொஞ்சம் சின்னக் கப்பாக இருந்தால் நல்லது என்றார். உருண்டைதான் கடையின் பேரே, அதைக் குறைத்தால் கடையின் பேர் கெடாதா என்று அவள் கேட்டாள். வாரத்துக்கு ஒரு கூட்டம் கொண்டு வந்து இறக்குகிறேன் என்று சொன்னதும் கடையின் பேரைப் பற்றிய கவலை அவளுக்குத் தீர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு முத்துலிங்கத்தின் காட்டில் மழைதான். சின்னக் கப்பு, நாலு உருண்டை, மலையேறி வந்த தாகம். பிடித்தவனும் குடித்து முடித்தான், பிடித்ததா இல்லையா என்று தெரியாமல் திகைத்தவனும் குடித்து முடித்தான். வெறும் கப்பைப் பார்த்ததும் பெண் வீட்டார் கும்பிட்டார்கள். கும்பிட்ட பிறகு மாப்பிள்ளை வீட்டாருக்கு மறுக்க முகமில்லை. வாக்குப்பெட்டிக்குக் காவல் இருந்த மனுஷன் இப்போது வாக்கையும் தானே போட ஆரம்பித்திருந்தார். நல்ல காரியத்துக்குச் செய்கிறதுதானே என்று மனதைத் தேற்றிக்கொள்வார். நல்ல காரியத்துக்கு என்று சொல்லி நம் ஊரில் எதைத்தான் செய்யவில்லை!

இந்த நேரத்தில்தான் நிலக்ஷிக்கே ஒரு இடம் வந்தது.

வலப்பனைக்காரர்கள். தகப்பன் காலத்தில் தோட்டத்தை விட்டு இறங்கி, டவுனில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்து, இப்போது மாடி வீடு. பையன் விஜிதரன் கொழும்பில் காப்புறுதிக் கம்பனியில் வேலை. முத்துலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கெல்லாம் ஜோடி சேர்க்கிறவன் வீட்டில் பெண் முப்பதைத் தொடப் போகிறாள் என்று காது படவே பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கல்யாணம் முடிந்தால் அந்த வாய்கள் எல்லாம் மூடும். தரகர் தன் பெண்ணுக்கே மாடி வீட்டைப் பிடித்துவிட்டார் என்று தொழிலும் தூக்கும். நழுவினால், சொந்தப் பெண்ணுக்கே முடிக்கத் தெரியாதவர் என்று ஒரே அடியாகச் சாய்த்துவிடுவார்கள். நிலக்ஷியிடம் கேட்டார். பாக்கலாம்பா என்றாள். பெண்கள் பாக்கலாம் என்றால் சரி என்று அர்த்தம், இது அவருடைய தொழில் அனுபவம்.

பெண் பார்க்கிற நாளில் சர்மிளா கடையின் மூலை மேசைக்குப் புதுத் துணி விரித்திருந்தாள். மாப்பிள்ளை, அவன் அப்பா, அம்மா. இந்தப் பக்கம் அழகம்மா, நிலக்ஷி. முத்துலிங்கத்துக்கு எங்கே உட்காருவது என்றே விளங்கவில்லை. தரகருக்கு உரிய இடம் கதவோரம், பெண்ணின் அப்பாவுக்கு உரிய இடம் மேசை. கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்று தவித்துவிட்டு, கடைசியில் கதிரையை இழுத்து இரண்டுக்கும் நடுவில் போட்டுக்கொண்டார்.

சர்மிளா கப்புகளைக் கொண்டு வந்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு வழக்கமான சின்னக் கப்பு, அடியில் நாலு உருண்டை. அழகம்மாவுக்குச் சுடச்சுடப் பால் தேத்தண்ணி. நிலக்ஷிக்குச் சொல்லாமலே ஊதா டாரோ, பெரிய கப்பில், உருண்டை தாராளமாக.

மாப்பிள்ளையின் அம்மா கெட்டவள் இல்லை. மனதில் பட்டதைப் பேசிவிடுகிற ஆள். நிலக்ஷியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நிஜமாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னாள்:

"பொண்ணப் பாத்தா லயத்துப் புள்ளைன்னு சொல்லவே முடியாதுங்க. யாரும் கேட்டா ஹட்டன் டவுனுன்னே சொல்லிக்கலாம்."

அழகம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டாள். கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த விரல்கள், முதல் நாள் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் போகாதவை. அதற்குப் பிறகு அவளுடைய தேத்தண்ணி ஆறிக்கொண்டே இருந்தது. கையை வெளியே எடுத்தால்தானே குடிக்க முடியும்.

பேச்சு மளமளவென்று நடந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பெண் கடைக்கு வேலைக்குப் போக வேண்டியதில்லை. பையன் கொழும்பில் இருப்பான், பெண் வலப்பனையில் மாமியாருக்குத் துணையாக இருப்பாள். விஜிதரன் போனிலிருந்து தலையைத் தூக்கி, நிலக்ஷி டிக்டொக் செய்வதுண்டா என்று விசாரித்தான். இல்லை என்றாள். நல்லது என்றான். அவளைப் பார்த்து அவன் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். அவளிடம் வேறு யாரும் எதையும் கேட்கவில்லை. பெண் பார்க்கிற இடத்தில் பெண்ணிடம் என்ன கேட்க இருக்கிறது.

மாப்பிள்ளை உறிஞ்சி முடித்தான். அப்பாவும் முடித்தார். அம்மா குடித்து முடித்த கப்பைத் தூக்கி எல்லாருக்கும் தெரியும்படி காட்டிவிட்டு வைத்தாள். மூன்று கப்பும் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. முத்துலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்தது. அப்பாவுக்கு நிறைந்தது, ஆனால் தரகரின் கண் பழக்கத்தில் மேசையை ஒரு சுற்றுச் சுற்றியது. சுற்றி வந்து மகளின் கப்பில் நின்றது.

மூடி இழுத்து ஒட்டினபடி இருந்தது. ஸ்ட்ரோ காகித உறை கிழியாமல் பக்கத்தில் கிடந்தது. வெளியே நீர் பூத்து வழிந்து, புதுத் துணியில் ஈரம் படர்ந்திருந்தது. ஊதா டாரோ நிரம்ப, ஒரு சொட்டுக் குறையாமல் அப்படியே இருந்தது.

குளிருக்காகக் குடிக்காமல் இருப்பாளோ என்று முதலில் நினைத்தார். இதைவிடக் குளிரில், பனித்தூறல் விழுகிற நாளில், பஸ்ஸுக்கு நின்றுகொண்டே குடித்தவள். வெட்கமாக இருக்குமோ என்று மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை. நேராக அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லயத்தில் பெண் பார்த்த காலத்தில் பெண் தட்டை நீட்டிவிட்டு ஓரமாக நிற்பாள். அவளுக்குக் கிளாஸ் கிடையாது. கடைக்கு வந்த பிறகுதான் ஆளுக்கொரு கப்பு என்று அவள் முன்னாலும் ஒன்று வைத்தார்கள். இத்தனை பெண்கள் இந்த மூலையில் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்களே, அவர்களுடைய கப்புகளில் என்ன மிச்சம் இருந்தது? எவ்வளவு நினைவுபடுத்தியும் அவருக்கு ஒரு கப்புக்கூட ஞாபகம் வரவில்லை. பார்த்திருந்தால்தானே ஞாபகம் வரும்.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல நாள் பார்த்துவிடலாமா என்று கேட்டாள். அழகம்மா தலையாட்ட ஆரம்பித்திருந்தாள். முத்துலிங்கம் ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தாலே போதும், கல்யாணம் நடந்துவிடும். மாடி வீடு, ஊர் வாய், தொழில் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்க. தேத்தண்ணி மிச்சம் இருக்கு."

அந்தம்மா தங்கள் கப்புகளைப் பார்த்தாள். எங்கே மிச்சம், எல்லாம்தான் குடித்தாயிற்றே என்றாள்.

"எம் மக குடிக்கலைங்க."

மாப்பிள்ளையின் அப்பாவுக்குத்தான் முதலில் புரிந்தது. பழைய தோட்டத்து மனுஷன். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அந்தம்மாவுக்கு மனம் ஆறவில்லை.

"பொண்ணு குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன? நம்ம முறையில அதையெல்லாம் யாருங்க பாக்குறா?"

"யாரும் பாக்குறதில்லதாங்க. நானே இன்னைக்குத்தான் பாத்தேன்."

பஸ்ஸில் அழகம்மா தலவாக்கலை வரும்வரை புருஷனைத் திட்டினாள். வீடு தேடி வந்த சீதேவியைக் காலால் உதைத்த மனுஷன் என்றாள். நாளைக்கு மலையில் மற்றப் பெண்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்றாள். முன்னால் உட்கார்ந்திருந்த நிலக்ஷி, கையோடு எடுத்து வந்திருந்த கப்பைக் குத்தி, ஜன்னலைப் பார்த்தபடி குடித்துக்கொண்டே வந்தாள். தலவாக்கலை தாண்டியதும் அழகம்மா திட்டுவதை நிறுத்தினாள். அவளுக்குச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. மடியில் கிடந்த கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தம்மா பேசின பேச்சு தனக்கும் பிடிக்கவில்லைதான் என்று மெதுவாகச் சொன்னாள்.

செய்தி அவர்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தரகர் புத்தி பேதலித்துப் போனார் என்று சிலர் சொன்னார்கள். பெண்ணைப் பெற்றவர்களில் சிலர் போன் எடுத்து, எங்கள் பிள்ளைக்கும் ஒரு பெரிய கப்பாகச் சொல்லுங்கள், அடி நன்றாகத் தெரிகிற கப்பாக இருக்கட்டும் என்றார்கள். முத்துலிங்கம் சர்மிளாவிடம் போய், இனிமேல் எல்லாக் கப்பும் ஒரே அளவு, எல்லாவற்றிலும் ஒரே அளவு உருண்டை என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு சம்பந்தங்கள் பாதியாகக் குறைந்தன. நிலக்ஷி இன்னும் போட்டோகொப்பிக் கடைக்குத்தான் போய் வருகிறாள்.

போன வாரம் ஒரு மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. மரியாதையான மனுஷர்கள், நல்ல வசதி. பெண் பார்க்க வருகிறோம், இடம் நீங்களே பாருங்கள், ஒரே ஒரு நிபந்தனை என்றார்கள். கப்புக்கு மேலே மூடி ஒட்டாமல், ஸ்ட்ரோவையும் கடைக்காரர்களே போட்டுக் கொண்டு வந்து வைக்கிற கடையாக இருக்க வேண்டுமாம். அப்படி வைத்தால் பெண் குடித்தாளா குடிக்கவில்லையா என்ற வம்பு அவ்வளவாக வராது என்று விளக்கமும் சொன்னார்கள்.

"அந்த மாதிரிக் கடை இந்தப் பக்கமே இல்லைங்களே" என்று சொல்லி முத்துலிங்கம் போனை வைத்தார். நுவரெலியாவில் மட்டுமே அப்படி இரண்டு கடைகள் அவருக்குத் தெரியும்.